தென்கடல் வீட்டு ஜன்னலுக்கு எந்தக் கடை? வேதாளை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடும் சிக்கலும்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் வேதாளையில், கடலைப் பார்த்துக் கட்டிய ஒரு தளத்து வீடு. மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். இது தென்கடல் வீடு. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே சில பனைகளும் மணல்மேடும்தான். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி குடியிருக்கிறார்கள். ஊரே அந்த அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே எழுதுகிறேன். மகன் குடும்பம் சிங்கப்பூரில். பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தவன் நான் என்பதால், ஜன்னல் திரை வரைக்கும் என்னிடம்தான் கேட்பார்கள்.

பால் காய்ச்சும் சமயத்தில் அவசரத்துக்கு ரெடிமேட் ஸ்கிரீனும் பளபளப்பான ஸ்டீல் ராடும் வாங்கி மாட்டியிருந்தார்கள். இரண்டாவது கச்சான் (தென்மேற்குக் காற்றுக் காலம்) முடிவதற்குள் ராடு முழுக்கப் பழுப்புப் புள்ளி. ரிங் நகர மறுத்தது. டீச்சர் ஒட்டடைக் கம்பால் தள்ளித்தான் திரையை விலக்குவார். வெள்ளைத் துணியின் மேல் ஓரத்தில், ஒவ்வொரு ரிங்குக்குக் கீழேயும் கட்டைவிரல் அகலத்துக்குத் துருக்கறை இறங்கியிருந்தது. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போட்டும் போகவில்லை. படுக்கையறையில் ஒரு ரோலர் பிளைண்ட் (சுருட்டி ஏற்றி இறக்கும் திரை) இருந்தது. இறக்கினால் திரும்ப ஏறாது. மேற்குப் பக்கத்துக் கூடத்தில் மாலை நாலு மணிக்கு உட்கார முடியாது.

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் புதிதாகச் செய்வது என்று முடிவானது. யாரிடம் கொடுப்பது?

வீட்டுக்குள் இருக்கும் ராடு ஏன் துருப்பிடிக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடை தேடிப் பயனில்லை. ஏனென்றால் இதைத் தெரிந்த கடைக்கும் தெரியாத கடைக்கும் இருந்த வித்தியாசம்தான் கடைசியில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது.

இந்தக் காற்றின் குணம் புதிய செய்தி இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உலோகங்கள் எப்படி அரிக்கின்றன என்று சோதிப்பதற்கு மண்டபத்திலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட இடத்தில்தான் நாம் சாதாரண ஸ்க்ரூவில் திரையை மாட்டுகிறோம்.

மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரைக்கும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்ணிய துளிகளைக் காற்று அள்ளிக்கொண்டு வரும். துளி காய்ந்தால் உப்பு. ஜன்னல் வழியாக நுழைந்து ராடு, ரிங், பிராக்கெட் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரம் இழுக்க ஆரம்பித்துவிடும். ராத்திரி ஈரப்பதம் ஏறும்போது ராடின் மேல் உப்புநீர்ப் படலம், பகலில் காய்ச்சல், மறுபடி ராத்திரி ஈரம். வெளியே இருக்கும் கிரில்லையாவது மழை கழுவிவிடுகிறது. உள்ளே இருக்கும் ராடை எந்த மழையும் கழுவாது. படிந்த உப்பு படிந்தபடியே இருக்கும். கூரைக்கு அடியில் ஒதுங்கிய இரும்பு, மழையில் நனையும் இரும்பைவிடச் சீக்கிரம் கெடுவதைக் கடலோரத்தில் வீடு கட்டும் எவரும் பார்த்திருப்பார்கள்.

ஸ்டீல் என்று விற்பதிலும் தரங்கள் உண்டு. திரை ராடுகளில் அதிகம் புழங்குவது 202. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், விலை குறைவு. 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பை அது தாங்குவதற்குக் காரணம் அந்த மாலிப்டினம்தான். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டல, ஒரிஜினல் ஸ்டீல்" என்பார்கள். இரும்பின் மேல் முலாம் பூசியதை அந்தச் சோதனை பிடித்துவிடும். ஆனால் 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நமக்குத் தெரிய வேண்டிய வித்தியாசத்தை அது காட்டாது.

கேட்டுப் பார்த்த இடங்கள்

முதலில் மதுரையில் ஒரு பெரிய ஷோரூம். கம்பெனிப் பெயர் போட்ட பிளைண்ட்ஸ், அடுக்கடுக்காகச் சாம்பிள் புத்தகங்கள், ரிமோட்டில் இறங்கும் மாடல்கள். பொருள் உண்மையிலேயே நல்ல பொருள். அங்கிருந்த பெண் விற்பனையாளர் சன்ஸ்கிரீன் துணியைப் பற்றி விளக்கியது போல வேறு யாரும் விளக்கவில்லை. 3, 5, 10 என்று அந்தத் துணிகளுக்கு ஒரு எண் உண்டு. நெசவில் எத்தனை சதவீதம் திறப்பு இருக்கிறது என்பதே அது. 5 வாங்கினால் பகலில் கடலும் தெரியும், கண்கூச்சமும் குறையும். அடர்ந்த நிறத்தில் வெளிக்காட்சி துலக்கமாகத் தெரியும். வெளிர் நிறம் வெயிலைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். ராத்திரி உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே நிற்பவருக்கு அறை தெரியும் என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு.

ஆனால் வேதாளைக்கு அளவெடுக்க ஆள் வர வேண்டுமென்றால் குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். இல்லையென்றால் நாங்களே அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய அளவில் அரை அங்குலம் பிசகினால் பொறுப்பு நம்முடையது. பூச்சு வேலை முடிந்த ஜன்னல் வாய் எங்கேயும் துல்லியமான சதுரமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து, சட்டத்துக்குள்ளே பொருத்துவதானால் இருப்பதில் சிறிய அளவை எடுக்க வேண்டும். பழுது வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் ஆள் வரும்போது பாப்பாங்க சார்" என்று பதில் வந்தது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கடை வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்தது ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடை. கரூர்த் துணி நிறைய இருந்தது, நல்ல துணி, விலையும் நியாயம். ராடு என்று எடுத்துக் காட்டியதெல்லாம் டீச்சர் வீட்டில் துருப்பிடித்த அதே ரகம். கடல் பக்கத்து வீடு என்று சொன்னேன். "உள்ளதானே சார் இருக்கப்போகுது, மழையா படப்போகுது?" என்றார் கவுண்டரில் இருந்தவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். மாட்டுகிற வேலை கடையுடையது இல்லை. வெளியாள் ஒருவருக்கு ஜன்னலுக்கு இவ்வளவு என்று கூலி. அவர் கொண்டுவரும் ஸ்க்ரூ எந்த ஸ்க்ரூ என்று கடைக்குத் தெரியாது.

இணையத்தில் வாங்குவதைப் பற்றி மகன் சிங்கப்பூரிலிருந்து சொன்னார். அளவெடுக்கவும் மாட்டவும் ஆள் தேடி அலைவதற்குள் லாபம் கரைந்துவிடும் என்று அதை விட்டுவிட்டோம்.

மூன்றாவதும் ராமநாதபுரம்தான். குறுகிய கடை. முதலாளியே அளவெடுப்பார், பாய் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம், கூட ஒரு ஃபிட்டர் தம்பி. துணிச் சாம்பிள் மற்ற இடங்களில் பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. போனில் பேசும்போது, எத்தனை ஜன்னல், என்ன பட்ஜெட் என்று அவர் ஆரம்பிக்கவில்லை.

"வீடு தென்கடலா, வடகடலா?"

"தென்கடல், பாய்."

"எந்தெந்த ஜன்னல எப்பவும் தொறந்தே வச்சிருப்பீங்க?"

இந்த இரண்டு கேள்விகளையும் மற்ற எந்தக் கடையும் கேட்கவில்லை. முதல் கேள்வியின் அர்த்தம் இங்கே இருப்பவர்களுக்கு உடனே புரியும். கச்சானில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். வாடையில், அதாவது வடகிழக்குக் காற்றுக் காலத்தில், அது அப்படியே மாறும். வேதாளை வீட்டுக்குச் சோதனைக் காலம் மே முதல் செப்டம்பர். தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ உள்ள வீட்டுக்கு அது ஐப்பசி, கார்த்திகை. உப்போடு மழையும் சேர்ந்து வரும்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். சாம்பிள் புத்தகத்தில் இருக்கும் பிளைண்ட்ஸ் பெரும்பாலும் கண்ணாடி மூடிய ஜன்னலை, ஏசி ஓடும் அறையை மனதில் வைத்துச் செய்தவை. கடலோரத்தில் காற்றுக்காகத்தான் வீடே கட்டுகிறோம். திறந்த ஜன்னலில் ரோலர் பிளைண்டை இறக்கினால் கச்சானில் படகுப் பாய் மாதிரிப் புடைத்துக்கொள்ளும். அடிப்பட்டை கிரில்லில் மோதி ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும். ஜீப்ரா என்றால் இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே மணல் புகுந்து உராயும். அலுமினியத் தகடு கோத்த வெனிஷியன் ஒரே பருவத்தில் மடங்கி நிற்கும். துணித் திரையும் பறக்கும்தான், சில சமயம் கிரில்லுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் வெல்டிங் பிசிறில் கிழியும். ஆனாலும் ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

மதிப்பீட்டுத் தாள்

மூன்று இடத்திலும் எழுத்தில் மதிப்பீடு வாங்கினோம். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ராமநாதபுரத்துப் பெரிய கடைதான் மலிவு. உள்ளே போய்ப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது.

கூடத்து ஜன்னல் 6 அடி அகலம். பக்கத்துக்கு 6 அங்குலம் தள்ளி ராடு போட்டால் 84 அங்குலம். திரை மூடியிருக்கும்போதும் சுருக்கு அழகாக விழ வேண்டுமென்றால் ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 168 அங்குலம். துணியின் அகலம் 48 அங்குலம் என்றால் மூன்றரைப் பாகம். நாலாக எடுக்க வேண்டும். தரை வரைக்கும் ஏழரை அடி உயரம், மேலும் கீழும் மடித்துத் தைக்க 10 அங்குலம், ஆக ஒரு பாகத்துக்கு 100 அங்குலம், சுமார் 2.54 மீட்டர். நாலு பாகத்துக்குச் சுமார் 10.2 மீட்டர். பெரிய கடை மூன்று பாகம்தான் போட்டிருந்தது. 144 அங்குலத் துணியை 84 அங்குல ராடில் விட்டால் 1.7 மடங்குதான் வரும். மூடினால் போர்வையை உலர்த்தியது போலத் தட்டையாகத் தொங்கும். துணி மீட்டர், பாகத்தின் எண்ணிக்கை, தையல் கூலி, ராடு, பிராக்கெட், ஃபிட்டிங் எல்லாம் தனித்தனி வரியாக இருந்தால்தான் ஒரு கடையை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அப்படிப் பிரித்துத் தரச் சொன்னதும் யார் முகம் சுளிக்கிறார் என்பதையும் நான் கவனிப்பேன்.

பிளைண்ட்ஸுக்குச் சதுர அடிக் கணக்கு. அதில் ஒரு விஷயம் உண்டு. ஒரு பிளைண்டுக்குக் குறைந்தது இத்தனை சதுர அடி என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அந்த வரம்பு 10 என்று இருந்தால், 2-க்கு 2 அடி ஜன்னலின் 4 சதுர அடிக்கும் 10 சதுர அடிக் காசு. கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

ஜன்னல் திண்டில் வைத்த சாம்பிள்

அப்போது கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. அந்தந்தக் கடை தரப்போகிற பிராக்கெட், ஸ்க்ரூ, ராடில் ஒரு துண்டு இவற்றைக் கேட்டு வாங்கித் தெற்கு ஜன்னலின் உள்திண்டில் வரிசையாக வைத்தோம். மதுரைக்காரர்கள் ஒரு பிராக்கெட் மட்டும் தந்தார்கள். பெரிய கடையில் ராடு துண்டுக்குக் காசு வாங்கினார்கள். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் அடியில் தாளில் பெயர் எழுதி ஒட்டிவிட்டார், பரீட்சைத் தாள் போலவே ஒழுங்காக.

துத்தநாக முலாம் பூசிய சாதாரண ஸ்க்ரூவின் தலையில் முதலில் வெள்ளையாகப் பூத்தது. பிறகு அந்த வெள்ளைக்கு நடுவிலிருந்து சிவப்பு எட்டிப் பார்த்தது. ஸ்டீல் ராடு துண்டில் வழவழப்பான உடம்பு தாக்குப்பிடித்தது. அறுத்த வாயில்தான் தேயிலைக் கறை மாதிரிப் பழுப்பு படர்ந்தது. ராடை நீளத்துக்கு அறுப்பதும் அந்த வாயில் மூடி போடுவதும் ஃபிட்டர் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று மூடிக்குப் பின்னால் யாரும் பார்ப்பதில்லை. பவுடர் கோட்டிங் அடித்த அலுமினிய பிராக்கெட்டில் ஸ்க்ரூத் துளையைச் சுற்றி மட்டும் லேசான வெள்ளைப் பொடி. நைலான் பிராக்கெட் அப்படியே இருந்தது.

பாய் தந்த பொட்டலத்தில் கெட்டியான அலுமினிய ராடு துண்டும், 304 ஸ்க்ரூவும், கூடவே ஒரு சின்ன நைலான் வாஷரும் இருந்தன. வாஷர் எதற்கு என்று டீச்சர் கேட்டார். இரண்டு வேறு உலோகம் உப்புநீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் இளைத்த உலோகத்தை அது தின்னும். இங்கே அலுமினியம்தான் இளைத்தது, அதனால் நடுவே நைலான். இதைப் படித்துத் தெரிந்துகொண்டதாகப் பாய் சொல்லவில்லை. கீழக்கரையில் மாட்டிய ராடுகளின் துளை பெரிதாகிக் கழன்று விழுந்ததைப் பார்த்த பிறகு போட ஆரம்பித்தாராம்.

கடலோரத்தில் செய்த பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்வதுதான் கடையை எடைபோட நான் நம்பும் இன்னொரு வழி. போனில் காட்டும் படங்கள் எல்லாம் மாட்டிய அன்றைக்கு எடுத்தவை. மூன்று கச்சான் பார்த்த ராடு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். மதுரைக் கடையிடம் இந்தக் கரையில் அப்படி ஒரு வீடு இல்லை. பெரிய கடை பார்த்துச் சொல்கிறோம் என்றதோடு சரி. பாய் பாம்பன் தெற்குவாடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். அங்கே துணி மங்கியிருந்தது, ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. ராடும் ரிங்கும் சுலபமாக ஓடின. அந்த வீட்டு அக்கா ஒரு குறையும் சொன்னார்: "சொன்ன தேதிக்கு வரமாட்டாரு தம்பி. ஆனா வந்துருவாரு."

முடிவு

ஒரே கடையில் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. திரை, ராடு, மாட்டும் வேலை மூன்றும் பாயிடம். ஏசி இருக்கும் ஒரே படுக்கையறைக்கு மட்டும் மதுரைக் கம்பெனியின் சன்ஸ்கிரீன் ரோலர். அதையும் பாய் வழியாகவே வரவழைத்தோம். விலை கொஞ்சம் கூடியது. அளவுக்கும் பழுதுக்கும் ஒரே ஆள் பொறுப்பு என்பதற்காக அந்தக் கூடுதலைக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

மேற்குக் கூடத்து வெயிலுக்கு உள்ளே என்ன போட்டாலும் பெரிய பயன் இல்லை. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்த பிறகு திரை சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே மறைத்தால்தான் வெப்பம் வாசலோடு நிற்கும். நம் வீடுகளில் தாழ்வாரத்தில் கீற்றுத் தட்டி தொங்கவிட்டது இதற்குத்தான். பக்கத்து ஊரில் தட்டி கட்டும் பெரியவரிடம் மூங்கில் தட்டி சொல்லி, வெளிப்புறம் சன்ஷேடிலிருந்து தொங்கவிட்டு, கீழேயும் இரண்டு கொக்கி அடித்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். அடிப்பக்கம் கட்டாத தட்டி கச்சானில் ஒரு நாள் தாங்காது.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது டீச்சரின் கவனமெல்லாம் தண்ணீர் மேல் இருந்தது. வேதாளைக் கிணற்றுத் தண்ணீர் உவர். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். லைனிங் வைத்த கனமான திரையை உவர்நீரில் அலசினால் உப்பு துணிக்குள்ளேயே தங்கி, வாடைக் காலத்தில் ஈரம் இழுத்துப் பூஞ்சை வாடை அடிக்கும். அதனால் இரண்டு வாளித் தண்ணீரில் அலசி முடிக்கிற மெல்லிய பாலியஸ்டர் கலப்புத் துணி. படுக்கையறைக்கு மட்டும் அடர்த்தியானது. பருத்திதான் வேண்டும் என்று டீச்சரின் கணவர் விரும்பினார். சாப்பாட்டு அறைக்கு ஒரு ஜோடி பருத்தி எடுத்து, தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துச் சுருங்கவிட்டுத் தைத்தார்கள். சமையலறை ஜன்னலைப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் துணி வேண்டாம், கொசுவலை மட்டும் போதும் என்று பாய் எழுதாமலே தாண்டிவிட்டார்.

பில்லில் மூன்று விஷயங்களை எழுத வைத்தேன்: ராடு அலுமினியம், ஸ்க்ரூ 304, ஒரு வருடத்துக்குள் ராடோ பிராக்கெட்டோ துருப்பிடித்தால் மாற்றித் தர வேண்டும். அட்வான்ஸ் பாதி, மாட்டி முடித்த பிறகு மீதி. வாய்வார்த்தை போதாதா என்று பாய் கேட்டார், ஆனால் எழுதிக் கொடுத்தார். தகராறு என்று வந்தால் இந்தத் தாள்தான் பேசும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவதற்கும், 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கும் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கையில் இருந்தால் வசதி. பில் வேண்டாம் என்றால் விலை குறைக்கிறோம் என்று சொல்லும் கடையில், குறைத்த தொகைக்கு மேலேயே நாம் இழக்கக்கூடும்.

மாட்டிய நாளும் அதற்குப் பிறகும்

ஃபிட்டர் தம்பி வந்ததும் துளை போடும் இடத்தை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டான். ஜன்னலுக்கு நேர் மேலே லிண்டல் கான்கிரீட். சாதாரண டிரில்லில் துளை இறங்காது. அதனால் பலர் கொஞ்சம் தள்ளி வெறும் பூச்சில் துளை போட்டு மரக்கட்டை அடித்துவிடுவார்கள், திரையை நாலு முறை இழுத்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். இவன் ஹாமர் டிரில் கொண்டு வந்திருந்தான். ஒரு இடத்தில் கம்பி தட்டியது. உடனே நிறுத்தி, அந்தத் துளையைச் சிமென்டால் அடைத்துவிட்டு ஓர் அங்குலம் நகர்ந்தான். நான் சொல்லாமலே செய்தான்.

கடையில் ஒரு குறையும் கண்டேன். ரோலர் பிளைண்டின் சங்கிலி வளையமாகத் தொங்கும். சின்னப் பிள்ளையின் கழுத்தில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. சங்கிலியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் கம்பெனிப் பெட்டியிலேயே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். கேட்டு மாட்ட வைத்தேன். கயிறாக இருந்தால் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வைக்க வேண்டும். கட்டிலையும் ஜன்னலை விட்டு நகர்த்தினோம். பேரப்பிள்ளைகள் வரும் வீட்டில் இதைக் கடையின் ஞாபகத்துக்கு விடக் கூடாது.

அதற்குப் பிறகு ஒரு வாடையும் ஒரு கச்சானும் போயிருக்கின்றன. அலுமினிய ராடுகளில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதில் டீச்சரின் கைக்கும் பங்கு உண்டு: கச்சான் மாதங்களில் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ராடு, ரிங், ஸ்க்ரூத் தலை எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார். மழை செய்யாத வேலையை அந்த ஈரத்துணி செய்கிறது. சாப்பாட்டு அறைப் பருத்தித் திரையில் கார்த்திகையில் புள்ளிப் புள்ளியாகப் பூஞ்சை வந்தது. வெயில் வந்ததும் காயவைத்துச் சரிசெய்தார்கள், ஆனாலும் தடம் தெரிகிறது. ரோலர் சங்கிலியின் பிளாஸ்டிக் இணைப்பு உடைந்தது. பாய் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, தீபாவளி வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தார். காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். பாம்பன் அக்கா சொன்னது சரிதான்.

மேற்குக் கூடத்தில் இப்போது மாலையில் உட்கார முடிகிறது. மூங்கில் தட்டியின் விளிம்பு பிரிய ஆரம்பித்திருக்கிறது, கயிறு வெயிலில் உக்கிவிட்டது; அடுத்த மே மாதத்துக்கு முன்னால் கயிற்றை மாற்றி, ஓரத்தைக் கட்டித் தரப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறோம்.

மாடியில் ஓர் அறை எழுப்பலாம் என்று மகன் சொல்கிறார், மூன்று பக்கமும் ஜன்னல் வைத்து. அதற்கும் இப்போதே விலை கேட்டு போட்டோ அனுப்பினார். ஜன்னல் சட்டம் உட்கார்ந்த பிறகு வந்து அளந்துதான் விலை சொல்ல முடியும் என்று பாய் பதில் போட்டிருக்கிறார்.